கருநீல மூடி

மார்ச் 4, 2024, திங்கள்

ரிப்போர்ட் வாட்சப்பில் வந்தது. பி12, இரும்பு, விட்டமின் டி எல்லாம் எல்லைக்குள். ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில்: சீரம் ஜிங்க், அதாவது ரத்தத்தில் இருக்கும் துத்தநாகம், 57. ஒரு டெசிலிட்டருக்கு 70 முதல் 120 மைக்ரோகிராம் இருக்க வேண்டுமாம்.

எடை குறைய இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் செய்து ஒன்பது மாதம் ஆகிறது. 112 கிலோவில் இருந்து 79. இரைப்பையைச் சின்னதாக்கி, சிறுகுடலின் முதல் பகுதியை விட்டுவிட்டுக் கீழே கொண்டுபோய் இணைத்திருக்கிறார்கள். ஜிங்க் அதிகம் உறிஞ்சப்படுவதே குடலின் மேல் பகுதியில்தான் என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே சொன்னார்கள். அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை.

குளியலறை ஜாலியில் தினமும் ஒரு கைப்பிடி முடி. ரசம் வெந்நீர் மாதிரி இருக்கிறது. எல்லாம் இதனால்தான் என்று மனசு முடிவு கட்டிவிட்டது.

மார்ச் 5

கொரோனா காலத்தில் வாங்கிய ஜிங்க் அட்டை ஒன்று மருந்து டப்பாவில் கிடந்தது. 50 மில்லிகிராம். காலாவதி. மருந்துக்கடை அண்ணன் புதிதாக ஒரு அட்டை கொடுத்து, "தினம் ஒண்ணு போடுங்க, ஒரு மாசத்துல ஏறிடும்" என்றார். சீட்டு கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை.

வெறும் வயிற்றில் ஒன்று போட்டேன். அரை மணி நேரத்தில் குமட்டல், வாயெல்லாம் செம்புக் காசைச் சப்பிய மாதிரி. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். அத்தை எட்டிப் பார்த்து, "சோறு திங்காம மாத்திரையைத் தின்னா இப்படித்தான் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 7

கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் டயட்டீஷியனுக்குப் போன் போட்டேன். எண்ணைச் சொன்னதும் பதறுவார் என்று நினைத்தேன். அவரோ கேள்வியாகக் கேட்டார். எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள்? சாப்பிட்டிருந்தீர்களா? அந்த வாரம் காய்ச்சல், சளி? எந்தக் குழாயில் எடுத்தார்கள்?

பெர்மிஷன் போட்டுவிட்டுப் போனதால் மத்தியானம் மூன்று மணி. ஒரு மணிக்குச் சாப்பிட்டாயிற்று. சளி இருந்தது, லேசாக. குழாயை யார் பார்த்தார்கள்!

"அப்படின்னா அந்த 57-ஐ 70-க்குப் பக்கத்துல வெச்சுப் பார்க்கக் கூடாதுங்க மேடம்" என்றார். ரத்த ஜிங்க் காலையில் வெறும் வயிற்றில் உயர்ந்திருக்கும், சாப்பிட்டதும் இறங்கும், மத்தியானம் இன்னும் இறங்கும். பெண்களுக்குக் காலை வெறும் வயிற்றுக்கு 70 என்றால், அதே ஆளுக்கு மத்தியானக் கணக்கு 59. லேப் ரிப்போர்ட்டில் எல்லா நேரத்துக்கும் ஒரே எல்லையைத்தான் அச்சடிக்கிறார்கள். ஆக நான் குறைவுதான், ஆனால் பதிமூன்று அல்ல, இரண்டு.

சளி விஷயம் இன்னும் சுவாரசியம். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால், கல்லீரல் ரத்தத்தில் இருக்கும் ஜிங்கை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளுமாம். ஜிங்க் காணாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. அதனால் சிஆர்பி என்ற அழற்சி டெஸ்ட்டையும் கூடவே எடுக்கச் சொன்னார். அல்புமின் என்ற ரத்தப் புரதம், காப்பர் இரண்டும் சேர்த்து.

50 மில்லிகிராம் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். "காப்பர் தெரியாம ஜிங்க் ஏத்தக் கூடாது." ஏன் என்று கேட்பதற்குள் அடுத்த பேஷண்ட் வந்துவிட்டார்.

மார்ச் 8

காப்பர் விஷயத்தைப் படித்தேன். ஜிங்க் அதிகமாக உள்ளே போனால் குடல் சுவரில் ஒரு புரதம் பெருகுகிறது. அது ஜிங்கை விடக் காப்பரை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். குடல் செல் உதிரும்போது காப்பரும் அதோடு கழிவில் போய்விடும். மாசக்கணக்கில் இப்படிப் போனால் ரத்தசோகை, வெள்ளணுக் குறைவு, கால் மரத்துப்போவது, நடையில் தள்ளாட்டம் வரை வரும். பைபாஸ் செய்தவர்களுக்குக் காப்பர் ஏற்கெனவே இழுபறி. 1 மில்லிகிராம் காப்பருக்கு 8 முதல் 15 மில்லிகிராம் ஜிங்க் என்பது அமெரிக்க எடைக்குறைப்பு அறுவை மருத்துவர் சங்கத்தின் கணக்கு. நான் போட்ட மாத்திரையில் 50-க்குப் பூஜ்யம்.

மருந்துக்கடை அண்ணன் மேல் கோபம் இல்லை. நான்தானே கேட்டேன்.

மார்ச் 13, புதன்

காலை ஏழேகாலுக்கு லேப். பத்து மணி நேரமாக எதுவும் சாப்பிடவில்லை, மாத்திரைகளையும் ரத்தம் எடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று பையில் வைத்திருந்தேன்.

தம்பி சிவப்பு மூடிக் குழாயை எடுத்தான். கருநீல மூடி வேண்டும் என்றேன். "எல்லாம் ஒண்ணுதான்க்கா." இல்லை தம்பி, என்று ஆரம்பித்தேன். சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியில் இருந்தே ஜிங்க் கசிந்து ரத்தத்தில் கலக்கும், எண் பொய்யாக ஏறும். நமக்கு வேண்டியது மைக்ரோகிராம் கணக்கு, ஒரு துளி கலந்தாலும் கெட்டது. அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனான். அலமாரியைத் திறந்து மூடும் சத்தம், யாருக்கோ போன். ஐந்து நிமிஷம் கழித்து, மேலே தூசி படிந்த ஒரு பாக்கெட்டோடு வந்தான். எல்லாமே கருநீல மூடி. காலாவதித் தேதியை நானே படித்துப் பார்த்தேன், இன்னும் தாண்டவில்லை.

எனக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம். பட்டையை இறுக்கிக் கட்டி, "கையை மடக்கி மடக்கித் திறங்கக்கா" என்றான். அதுவும் கூடாது, ரொம்ப நேரம் இறுக்கிக் கட்டினாலும் எண் மாறும். இதைச் சொன்னால் ஊசியோடு என்னையும் வெளியே அனுப்பிவிடுவான் என்று வாயை மூடிக்கொண்டேன். நல்லவேளை, இரண்டாவது குத்தில் கிடைத்தது. குழாயைக் குலுக்க ஆரம்பித்தபோது மட்டும் தாங்கவில்லை. "மெல்லப்பா, சிவப்பணு உடைஞ்சா அதுக்குள்ள இருக்கிற ஜிங்க் வெளிய வந்துரும்." சிவப்பணுவுக்குள் இருப்பது வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு.

"டீச்சராக்கா நீங்க?" என்று கேட்டான். கூட்டுறவு சங்கத்தில் கிளார்க் என்றேன். நம்பவில்லை.

மார்ச் 17

ஜிங்க் 66. சிஆர்பி சாதாரணம். காப்பர் 78, எல்லை 80-இல் தொடங்குகிறது. அல்புமின் 3.1, இருக்க வேண்டியது குறைந்தது 3.5.

டாக்டர் வீடியோவில் பார்த்தார். ஜிங்கை அவர் கடைசியில்தான் பேசினார். முதலில் அல்புமின். ரத்தத்தில் ஜிங்க் தனியாக நடந்து போவதில்லை, பெரும்பாலும் அல்புமின் மேல்தான் சவாரி. பஸ் குறைந்தால் பயணிகளும் குறைவாகத்தான் தெரிவார்கள். "பஸ்ஸைக் கூட்டாம டிக்கெட்டைக் கூட்டி என்ன பிரயோஜனம்மா?" என்றார். அல்புமின் குறையப் பல காரணம் இருக்கலாம், கல்லீரல், சிறுநீரகம், அழற்சி. அதெல்லாம் எனக்குச் சரியாக இருப்பதால், மிச்சம் சாப்பாடு.

உடம்பில் மொத்தம் 2 கிராம் போல ஜிங்க். பெரும்பங்கு தசையிலும் எலும்பிலும். ரத்தத் திரவத்தில் இருப்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நான் இரண்டு வாரமாக அந்த ஆயிரத்தில் ஒன்றைப் பார்த்துத்தான் அழுதுகொண்டிருந்தேன்.

முடி? ஆபரேஷனுக்குப் பிறகு மூன்றாவது மாதம் முதலே கொட்டுவது பலருக்கும் வருவதுதானாம், வேகமாக இளைப்பதால். ஒன்பதாவது மாதத்திலும் நிற்கவில்லை என்றால் புரதம், இரும்பு, ஜிங்க் மூன்றையும் பார்க்க வேண்டும்.

அப்புறம் விசாரணை. பேரியாட்ரிக் மல்டிவிட்டமின், அதாவது இந்த ஆபரேஷன் செய்தவர்களுக்கான சத்து மாத்திரை, தினமும் இரண்டு போடச் சொல்லியிருந்தார்கள். நான் ஒன்று. கால்சியத்தையும் இரும்பையும் காலையில் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு ஆபீசுக்கு ஓடுவேன். கால்சியமும் இரும்பும் ஜிங்கோடு போட்டி போடும் என்பதால் இரண்டு மணி நேர இடைவெளி கேட்டார். தனி ஜிங்க் எதுவும் இப்போது இல்லை. மல்டிவிட்டமினில் ஜிங்க், காப்பர் இரண்டும் இருக்கிறது, அதை ஒழுங்காகப் போட்டு மூன்று மாசம் கழித்துப் பார்க்கலாம்.

மார்ச் 19

நேற்று சாப்பிட்ட புரதத்தைக் கூட்டிப் பார்த்தேன். 31 கிராம். வேண்டியது 60. மூன்று வேளையும் ராகிக் கூழ், சூப், ரசம் என்று நீராகவே உள்ளே தள்ளியிருக்கிறேன். அத்தையின் நாட்டுக்கோழி சூப்பில் சத்தெல்லாம் இறங்கியிருப்பதாக வீடே நம்புகிறது. கறி சட்டியிலேயே நிற்கிறது.

மார்ச் 24

ஜிங்க் குறைபாடு மனிதர்களுக்கு வரும் என்பதைக் கண்டுபிடித்தவர் பீகாரின் பக்ஸரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத். 1958-இல் ஈரானின் ஷிராஸ் நகரில் அவரிடம் 21 வயதுப் பையன் ஒருவன் வந்தான், பார்க்கப் பத்து வயது. சாப்பாடு ரொட்டி, கூடவே களிமண். தானியத்தில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் ஜிங்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்தப் பையனைப் பற்றி 1961-இல் எழுதினார்.

என் ராகிக் கூழ் ஞாபகம் வந்தது. ராகி கெட்டதல்ல, ஊறவைத்து முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் ஃபைட்டேட் குறையும். இரவே கரைத்துப் புளிக்கவிட்டுத்தான் அம்மா கூழ் காய்ச்சுவார். நான் பாக்கெட் மாவை வெந்நீரில் கலக்குகிறேன்.

ஏப்ரல் 11

முட்டை இரண்டு, பனீர், மீன். ஆட்டு ஈரலை நன்றாக வேகவைத்து மிளகு போட்டு, இரண்டு ஸ்பூன் மென்று தின்ன இருபது நிமிஷம். மட்டன் இன்னும் தொண்டையில் நிற்கிறது. கைமா பரவாயில்லை. சுண்டல் அரை கிண்ணம்.

மே 2

வெயில். எதுவும் இறங்கவில்லை. புரதம் 40 கிராம்.

ஜூன் 15, சனி

அதே லேப், அதே ஏழேகால், வெறும் வயிறு. உள்ளே நுழைந்ததுமே தம்பி கருநீல மூடியை மேஜைமேல் எடுத்து வைத்தான். பட்டையைக் கட்டிக் குத்தியதும் அவனாகவே கழற்றிவிட்டான்.

ஜூன் 19

ஜிங்க் 75. காப்பர் 94. அல்புமின் 3.7. சிஆர்பி சாதாரணம்.

முடி இன்னும் கொட்டுகிறது, முன்னைவிடக் குறைவு. நெற்றி ஓரத்தில் பூனைமுடி மாதிரி புதிதாக நிற்பவை சீப்புக்கு அடங்கவில்லை. அடுத்த டெஸ்ட் டிசம்பரில்.

ராத்திரி ரசத்தில் புளி கூடிவிட்டது என்றேன். எப்பவும் போடும் அளவுதான் என்று அத்தை சண்டைக்கு வந்தார்.