பணிப் பதிவேட்டில் ஓர் எழுத்து: பெயர்த் திருத்தம் பெற்ற அனுபவம்

ராணுவத்தில் 24 ஆண்டுகள் பணியாற்றி, 2010-இல் ஹவில்தாராக ஓய்வுபெற்றவன் நான். பள்ளிச் சான்றிதழில் 'ன்' என்று முடிகிற என் பெயர், 1986-இல் ஆள்சேர்ப்பின்போது 'ம்' என்று முடிவதாகப் பதிவாகியது. முன்னெழுத்தாக மட்டுமே இருந்த தந்தையின் பெயர் முழுமையாக விரிக்கப்பட்டு, வடநாட்டாரின் குடும்பப் பெயரைப் போல என் பெயருக்குப் பின்னால் வந்து நின்றது. தமிழ்நாட்டிலிருந்து படைக்குச் சென்றவர்களில் இப்படி ஊரில் ஒரு பெயரும் யூனிட்டில் ஒரு பெயருமாக இருப்பவர்கள் ஏராளம். சம்பளமும் பதவி உயர்வும், பிறகு வங்கி வழியாகப் பென்ஷனும் தடையின்றி வந்துகொண்டிருந்ததால், பணிக்காலம் முழுவதும் அது எனக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

பாதுகாப்புத் துறைப் பென்ஷன் 'ஸ்பர்ஷ்' என்னும் இணைய முறைக்கு மாறியபோதுதான் நிலைமை மாறியது. அதுவரை வங்கியில் என்னை நேரில் பார்த்து உயிர்வாழ்வுச் சான்றைப் பெற்றுக்கொண்டார்கள். புதிய முறையிலோ பென்ஷன் வழங்கல் ஆணையான பி.பி.ஓ.வில் உள்ள பெயரும், ஆதாரில் உள்ள பெயரும், பான் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன. என்னுடையவை ஒத்துப்போகவில்லை என்று காட்டப்பட்டது. பென்ஷன் நிற்கவில்லை, ஆனால் எனக்கு வேறொரு கவலை எழுந்தது. நாளை என் இறப்புச் சான்றிதழ் ஆதாரில் உள்ள பெயரில்தான் வழங்கப்படும். அதை வைத்துக்கொண்டு என் மனைவி குடும்பப் பென்ஷன் கேட்கும்போது, பி.பி.ஓ.வில் உள்ளவரும் இறந்தவரும் ஒருவர்தானா என்ற கேள்வி வந்தால், பதில் சொல்ல நான் இருக்கமாட்டேன். என் காலத்திலேயே இதை முடித்துவிட வேண்டும் என்று அப்போது முடிவெடுத்தேன்.

எங்கே திருத்துவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பிழை கணினித் திரையில் தெரிவதால் அங்கேயே திருத்திவிடலாம் என்று தோன்றும், அல்லது பி.பி.ஓ.வை வழங்கிய பிரயாக்ராஜ் பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்கு எழுதத் தோன்றும். ஆனால் ஜவான்கள், ஹவில்தார் போன்ற என்.சி.ஓ.க்கள், சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.க்கள் ஆகியோரின் மூல ஆவணங்கள் அவரவர் ரெஜிமென்ட் அல்லது கோர் என்னும் படைப்பிரிவின் ஆவண அலுவலகமான ரெக்கார்ட் ஆபீஸில்தான் இருக்கின்றன. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு அது நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இருக்கிறது. பீரங்கிப் படைக்கு நாசிக் ரோட்டிலும், சிக்னல்ஸ் படைக்கு ஜபல்பூரிலும், மெட்ராஸ் சாப்பர்கள் எனப்படும் பொறியாளர் பிரிவுக்குப் பெங்களூரிலும், மின், இயந்திரப் பொறியாளர் படையான ஈ.எம்.இ.க்குச் செகந்திராபாத்திலும் இருக்கின்றன. ரெக்கார்ட் ஆபீஸ் மூல ஆவணத்தைத் திருத்தி, அந்த மாற்றத்தை முறைப்படி பதிவுசெய்யும் பார்ட் டூ ஆர்டர் வெளியிட்டால்தான், அதன் அடிப்படையில் பிரயாக்ராஜிலிருந்து திருத்த பி.பி.ஓ. வரும், அந்தத் திருத்தமே பிறகு ஸ்பர்ஷில் ஏறும். வரிசையை மாற்றிக் கீழிருந்து மேலே போனவர்களின் மனுக்கள், 'உரிய ரெக்கார்ட் ஆபீஸை அணுகவும்' என்ற ஒற்றை வரியோடு திரும்பிவந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மனு எழுதுவதற்கு முன், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் அஞ்சல் ஆணையை இணைத்து, என் பணி விவரங்கள் அடங்கிய ஷீட் ரோல், ஆள்சேர்ப்புப் படிவம் ஆகியவற்றின் நகலைக் கேட்டு ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதினேன். இதைச் செய்யும்படி சொன்னவர் எங்கள் ஊரில் ஓய்வுபெற்றிருந்த ஒரு சுபேதார் சாகிப். யூனிட்டில் ஹெட் கிளார்க்காக இருந்தவர் என்பதால் காகிதத்தின் போக்கு அவருக்கு நன்றாகத் தெரியும். "அவங்க கையில என்ன இருக்குன்னு தெரியாம நீங்க எதையும் கேட்காதீங்க" என்றார். நகல்கள் வந்தபோது அவர் சொன்னதன் அருமை புரிந்தது. ஆள்சேர்ப்புப் படிவத்தில் எழுத்தர் தட்டச்சு செய்த பெயர் 'ம்' என்று முடிந்தது; அதே தாளின் அடியில் பதினெட்டு வயதில் நான் தமிழில் இட்ட கையொப்பம் 'ன்' என்று முடிந்தது. சேரும்போது நான் கொடுத்த பள்ளிச் சான்றிதழின் விவரமும் அதிலேயே குறிக்கப்பட்டிருந்தது.

இதனால் என் கோரிக்கையின் தன்மையே மாறியது. பெயரை மாற்றிக்கொள்வது வேறு. பதிவில் ஏற்பட்ட எழுத்துப் பிழையைத் திருத்துவது வேறு. முன்னதற்கு அரசிதழ் அறிவிப்பு இன்றி யாரும் அசையமாட்டார்கள். பின்னதற்கு, பணியில் சேர்ந்த நாளிலேயே சரியான பெயர் எது என்று காட்டும் ஆவணம்தான் உயிர். பின்னாளில் எடுத்த ஆதாரும் வாக்காளர் அட்டையும் இதற்குத் துணைச் சான்றுகள் மட்டுமே. ஆகவே மனுவில் 'பெயர் மாற்றம்' என்ற சொல்லையே தவிர்த்து, படைக்குச் சேர்வதற்கு முந்தைய பள்ளிச் சான்றிதழையும் படிவத்தில் உள்ள கையொப்பத்தையும் சுட்டிக்காட்டி, எழுத்துப் பிழைத் திருத்தம் என்றே கேட்டேன்.

தந்தையின் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டதை நான் தொடவில்லை. இதைப் பலர் ஏற்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். பிழை என்றால் முழுவதையும் திருத்த வேண்டாமா என்று என் மகனே கேட்டான். ஆனால் அது தவறான பெயர் அன்று, முன்னெழுத்தின் விரிவுதான். அதை நீக்கக் கேட்டால் எழுத்துப் பிழை என்ற வாதம் தளர்ந்து, அரசிதழ் வழிக்குத் தள்ளப்பட்டுவிடுவோம் என்று தோன்றியது. அதற்குப் பதிலாக ஆதாரிலும் பான் அட்டையிலும் முன்னெழுத்தை விரித்து, படை ஆவணத்தின் வரிசைக்கே கொண்டுவந்தேன். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும் என்பதால், படை ஆவணத்தில் இறுதி வடிவம் எதுவாக அமையும் என்பது உறுதியான பின்பே அங்கே கை வைத்தேன். அதேபோல், பிறந்த தேதியில் பிழை இருந்தாலும் அதை இதே மனுவில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. ஓய்வுக்குப் பிறகு பிறந்த தேதியை மாற்றக் கேட்பதை யாரும் எளிதில் ஏற்பதில்லை. அதனோடு சேர்ந்து பெயர்த் திருத்தமும் கிடப்பில் போய்விடும்.

மனுவுடன், நீதித்துறை நடுவர் முன் உறுதிமொழி எடுத்த அபிடவிட்டை இணைத்தேன். இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்பதை அதில் படை எண்ணோடு குறிப்பிட்டேன். எண்ணின் கடைசியில் வரும் ஆங்கில எழுத்தையும் விடாமல் எழுத வேண்டும், ஜே.சி.ஓ.வாக ஓய்வுபெற்றவர்கள் ஜே.சி. எண்ணோடு பழைய எண்ணையும் சேர்த்து எழுதுவது நல்லது. டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., பள்ளிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றின் நகல்களை வைத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் உதவி இயக்குநரிடம் மேலொப்பம் பெற்று, அந்த அலுவலகத்தின் வழியாகவே அனுப்பினேன். தனியாக அனுப்பும் தபாலைவிட அலுவலகக் கடிதத்துக்கு ஒரு கோப்பு எண் கிடைக்கும். பிறகு விசாரிக்கும்போது அந்த எண்தான் பேசும்.

நெடுநாள் கழித்து வந்த பதிலில், பள்ளிச் சான்றிதழுக்கு உண்மைத்தன்மைச் சான்றும், ஒரு தமிழ் நாளிதழிலும் ஓர் ஆங்கில நாளிதழிலும் வெளியிட்ட அறிவிப்பும் கேட்கப்பட்டன. நாளிதழ் அறிவிப்பு எனக்குத் தேவையற்றதாகவே பட்டது. எழுத்துப் பிழைக்கு ஊரறிய அறிவிப்பு எதற்கு என்று வாதிட்டு எழுதலாமா என்று சுபேதார் சாகிப்பிடம் கேட்டேன். "வாதாடுற நேரத்துல விளம்பரமே வந்துடும், தம்பி" என்றார், கொடுத்துவிட்டேன். பள்ளியின் தலைமையாசிரியர் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்துச் சான்று வழங்கினார். அதிலும் பெயர் 'ன்' என்றே இருந்தது.

அதன் பிறகு பார்ட் டூ ஆர்டரின் நகல் வந்தது. அதைப் பெற்ற கையோடு அமைதியாக இருந்துவிடாமல், பிரயாக்ராஜுக்குத் திருத்தப் பரிந்துரை அனுப்பப்பட்டதா என்று ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிக் கேட்டேன். ஆர்டர் வெளியாவதும் பென்ஷன் அலுவலகத்துக்குப் பரிந்துரை போவதும் தனித்தனி வேலைகள். முதலாவதோடு நின்றுவிட்ட கோப்புகள் உண்டு. திருத்த பி.பி.ஓ. வந்த பின் ஸ்பர்ஷில் பெயர் மாறியது. அடுத்த உயிர்வாழ்வுச் சான்று ஆதார் வழியாகவே பதிவாகியது. மனு நகராமல் போயிருந்தால் மத்திய அரசின் குறைதீர் தளத்தில் முறையிடுவதும், கடைசியாக ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை நாடுவதும் வழிகளாக இருந்தன. எனக்கு அவை தேவைப்படவில்லை.

இந்த வேலையின் நடுவே மனைவியின் பெயரையும் பி.பி.ஓ.வில் சரிபார்த்தேன். திருமணத்தைப் பதிவுசெய்த பார்ட் டூ ஆர்டரில் இருந்த பெயர் ஆதாரோடு ஒத்திருந்ததால் அங்கே வேலை இல்லாமல் போயிற்று. வீட்டில் அழைக்கும் பெயரை எழுதிக்கொடுத்துவிட்டவர்கள் என் நண்பர்களில் சிலர் இருக்கிறார்கள். அவர்களும் இதே வழியில் ரெக்கார்ட் ஆபீஸிலிருந்துதான் தொடங்க வேண்டும். இனி எனக்கு மீதமிருப்பவை முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். அட்டையும் கேன்டீன் அட்டையும் மட்டுமே. இரண்டுக்கும் திருத்த பி.பி.ஓ.வின் நகலை இணைத்து விண்ணப்பித்திருக்கிறேன்.