அப்பத்தாவின் கால் பங்கு

அப்பா உயில் எழுதாமல் காலமானபோது, வழக்கறிஞர் வைக்க வேண்டுமா என்பதை நானும் தங்கையும் ஒரே மாலையில் பேசி முடித்துவிட்டோம். குடும்பத்தில் சண்டை எதுவும் இல்லை. அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய ஒரு வீடும் வங்கியில் இரண்டு வைப்புத்தொகைகளும்தான் இருந்தன. வழக்கு இருப்பவர்களுக்குத்தான் வழக்கறிஞர் என்று அப்போது நினைத்தேன்.

முதலில் எல்லாம் எளிதாகவே நடந்தது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணைக்குப் பின் தாசில்தாரின் வாரிசுச் சான்று கிடைத்தது. வைப்புத்தொகைக்கு அம்மா நாமினி என்பதால் அந்தப் பணமும் சிக்கலின்றி வந்தது. (நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை பெற்றவர்தான், அதனால் மற்ற வாரிசுகளின் பங்கு அழிந்துவிடுவதில்லை.)

வாரிசுச் சான்றில் அம்மா, நான், தங்கை ஆகியோருடன் அப்பத்தாவின் பெயரும் இருந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. மனைவி, மகன், மகள் ஆகியோருக்கு இணையான பங்கு அவருக்கும் உண்டு. அதாவது வீட்டில் கால் பங்கு அப்பத்தாவுடையது. "எனக்கு எதுக்குய்யா வீடு, எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லு" என்று அவரே இரண்டு முறை கேட்டார். துக்கம் ஆறட்டும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். இரண்டு ஆண்டுகளில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

பிறகு வீட்டின் பேரில் கடன் கேட்டபோதுதான் முதன்முறையாக ஒரு வழக்கறிஞரின் எதிரே உட்கார்ந்தோம். மூலப்பத்திரத்தையும் இரண்டு வாரிசுச் சான்றுகளையும் வாசித்துவிட்டு, அப்பத்தாவின் கால் பங்கு இப்போது அவருடைய வாரிசுகளுக்குப் போயிருக்கிறது என்றார். சித்தப்பாவுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, அத்தைக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. முன்பே இறந்துபோன மகனின் பிள்ளைகள் என்ற முறையில் எனக்கும் தங்கைக்கும் இருபத்து நான்கில் ஒவ்வொரு பங்கு. மருமகளான அம்மாவுக்கு அதில் எதுவும் இல்லை. அப்பத்தா உயிரோடு இருந்தபோதே, தன் பங்கை எங்களுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஒன்றைப் பதிவு செய்திருந்தால் இவ்வளவும் எழுந்திருக்காது என்று அவர் சொன்னதைக் கேட்டு அம்மா அழுதுவிட்டார்.

வழக்கறிஞர் வைப்பதா வேண்டாமா என்று நாங்கள் கேட்டுக்கொண்டதே தவறான கேள்வி என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. சான்றுகளுக்கு அலைவதற்கும் வங்கிப் படிவங்களை நிரப்புவதற்கும் எங்களுக்கு யாரும் தேவைப்படவில்லை. ஆனால் அசையாச் சொத்து இருக்கும்போது, யார் யாருக்கு என்ன பங்கு, எந்தக் கையெழுத்தை உடனே வாங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள, ஆவணங்களோடு ஒரு மணி நேரம் ஒருவரிடம் ஆலோசனை கேட்டிருக்க வேண்டும். வாரிசுகளில் மைனர் இருந்தாலோ, உயிலைப் பற்றி ஐயம் இருந்தாலோ, சொத்து பூர்வீகமானதாக இருந்தாலோ, ஆலோசனையோடு நிறுத்தாமல் முழுப் பொறுப்பையும் ஒரு வழக்கறிஞரிடம் ஒப்படைப்பதுதான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம். கட்டணத்துக்கு அஞ்சுகிறவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. அம்மாவுக்கு அந்த உரிமை இருந்தது எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

தன் பங்கை அப்படி விட்டுக்கொடுக்கச் சித்தப்பா உடனே ஒப்புக்கொண்டார். அத்தையிடம் பத்திர வரைவைக் கொடுத்தபோது, எங்கள் வழக்கறிஞர் எங்களுக்காகப் பேசுகிறவர் என்பதால், அத்தை தனக்கென்று வேறொருவரிடம் காட்டிப் படித்துக்கொள்வதுதான் முறை என்று சொன்னேன். அவர் பத்து நாள் எடுத்துக்கொண்டார். தன் பங்கின் மதிப்பு எவ்வளவு என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டு, அதை விட்டுக்கொடுக்கிறேன் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட்டு, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கைரேகை வைத்தார்.