கூண்டை விட்டு வந்த முட்டைக்கோழிக்கு என்ன தேவை

நாமக்கல் வட்டாரக் கூண்டுப் பண்ணைகளில் ஒரு முட்டைக்கோழிக்கு ஏறத்தாழ 80 வாரம் ஆனதும் கணக்கு முடிந்துவிடும். முட்டை குறையும், தீவனச் செலவு குறையாது. கறிக்கு லாரி ஏற்றிவிடுவார்கள். அந்த லாரிக்குத் தப்பிய கோழிகளுக்குக் காப்பகம் நடத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூண்டு செய்த சேதம் கோழியின் எலும்பிலும் அலகிலும் சினைப்பையிலும் தங்கியிருக்கும். காப்பக வேலையில் முக்கால்வாசி அந்தச் சேதத்தோடுதான்.

தூக்குவதிலிருந்தே கவனம் வேண்டும். ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. தீவனத்தில் கிடைப்பது போதாதபோது உடல் அதை எலும்பிலிருந்து எடுக்கிறது. காட்டுக்கோழி வருடத்துக்கு 10 முதல் 15 முட்டை இடும். பண்ணைக்கோழி 300-க்கு மேல் இடும்படி இனம் தேர்ந்து உருவாக்கப்பட்டது. அதனால்தான் காலைப் பிடித்துத் தொங்கவிட்டாலோ இறக்கையைப் பற்றினாலோ எலும்பு சட்டென்று ஒடிகிறது. இரண்டு உள்ளங்கையாலும் இறக்கையை உடலோடு அணைத்து, அடியில் தாங்கித் தூக்குங்கள். மார்பெலும்பை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். கோணலாகவோ முடிச்சாகவோ இருந்தால் அது பெரும்பாலும் பழைய முறிவு. அந்தக் கோழியை உயரத்தில் ஏறவிடக் கூடாது.

தரையில் நாலு அங்குலத்துக்கு உமி அல்லது நார்த்தூள் பரப்புங்கள். முதல் இரண்டு வாரம், கோழி ஏறி உட்காரும் அடைகட்டை வேண்டாம். கூண்டுக் கம்பியிலேயே நின்ற கால்களுக்கு நடக்கவே பலம் போதாது, குதித்து இறங்கினால் விழும். பிறகு தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், இரண்டு அங்குல அகலத் தட்டைச் சட்டம் வையுங்கள். உருண்டைக் கம்பு உள்ளங்காலில் புண் வைக்கும்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது தண்ணீரில்தான். கூண்டில் கோழி நிப்பிள் குழாயைக் கொத்தித்தான் குடித்திருக்கும். திறந்த கிண்ணத்தில் இருப்பது தண்ணீர் என்று அதற்குத் தெரியாது. கிண்ணம் நிறைய தண்ணீர் இருக்க, பக்கத்திலேயே கோழி வறண்டு கிடக்கும். ஒவ்வொன்றின் அலகு நுனியையும் மெல்ல நனைத்துக் காட்டுங்கள், மூக்குத் துளை முழுகக் கூடாது. ஒன்றிரண்டு குடிக்கக் கற்றால் மற்றவை பார்த்துக் கற்கும். முடிந்தால் ஒரு வாரம் நிப்பிள் குழாயையும் கிண்ணத்துக்கு மேலே தொங்கவிடுங்கள். ஒரு நாளைக்குக் கால் லிட்டர் குடிக்கும் கோழி, சித்திரை வெயிலில் அதைப்போல இரண்டு மடங்கு குடிக்கும்.

தீவனத்தைத் தரையில் இறைக்காதீர்கள். குஞ்சாக இருக்கும்போதே அலகு நுனியைச் சுட்டு வெட்டியிருப்பார்கள். மேலலகு குட்டையான கோழியால் வெறும் தரையிலிருந்து தானியத்தைப் பொறுக்க முடியாது. ஆழமான கிண்ணத்தில் மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் தூள் தீவனத்தை லேசாக நனைத்து வையுங்கள். ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு 110 கிராம் கணக்கு. முதல் வாரம் முட்டைக்கோழித் தீவனமே இருக்கட்டும், மாற்றுவதானால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவைப்படும் கோழி தானே எடுத்துக்கொள்ளும்.

புதுக்கோழிகளை 30 நாள் தனியே வையுங்கள். அவற்றைக் கடைசியாகக் கவனியுங்கள், செருப்பும் தனியாக இருக்கட்டும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி பற்றி அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். எச்சத் துவாரத்தைச் சுற்றியும் இறக்கை அடியிலும் பேன் பாருங்கள். காய்ந்த மண்ணும் விறகுச் சாம்பலும் கலந்த ஒரு குழி இருந்தால் அதில் புரண்டு பாதி வேலையைக் கோழியே பார்த்துக்கொள்ளும்.

வலைக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். அறுகோணக் கோழிவலையை நாய் கிழித்துவிடும். அரை அங்குல வெல்டு வலை வேண்டும். கீரி தோண்டி வரும் என்பதால் வலையை வெளிப்பக்கமாக மடக்கி இரண்டு அடிக்குத் தரையில் புதையுங்கள்.

மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டிய இடம் சினைப்பை. வயிறு உப்பி, வால் தாழ்ந்து, நெட்டுக்குத்தாக நிற்கும் கோழிக்குப் பெரும்பாலும் உள்ளே மஞ்சள்கரு சிதறி அழற்சி, இல்லையென்றால் கட்டி. முட்டை சிக்கியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் உட்காரவைத்து, இருட்டான இடத்தில் விடுங்கள். வயிற்றைப் பிதுக்காதீர்கள். உள்ளே ஓடு உடைந்தால் காரியம் கெட்டது. சில மணி நேரத்தில் முட்டை வராவிட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள். பறவை பார்க்கத் தெரிந்த மருத்துவரை முன்னதாகவே தேடி வைத்திருக்க வேண்டும். "கோழிக்கா வைத்தியம்?" என்று கேட்கும் இடங்கள் நிறைய.

இடம் தேர்வு செய்யும்போது பண்ணைகள் நெருக்கமாக உள்ள பகுதியைத் தவிருங்கள். பறவைக்காய்ச்சல் உறுதியானால் சுற்றியுள்ள ஒரு கிலோமீட்டருக்குள் வளர்க்கும் பறவைகளையெல்லாம் அழிப்பார்கள். காப்பகக் கோழி என்று விட்டுவிட மாட்டார்கள்.

"முட்டையை என்ன செய்கிறீர்கள்?" என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். வேகவைத்து, ஓட்டையும் நொறுக்கி, கோழிக்கே போடுங்கள். இழந்த கால்சியத்தில் கொஞ்சம் திரும்பும். தினமும் எடுத்துவிடுவதால் குஞ்சும் பொரிக்காது. விற்றால் தீவனச் செலவுக்கு ஆகுமே என்பார்கள். முட்டை கொடுத்தால்தான் சோறு என்ற அதே ஏற்பாடு அதோடு உள்ளே வந்துவிடும், எனக்கு அதில் சம்மதமில்லை. அதேபோல, மீட்பதாக நினைத்துப் பண்ணையில் காசு கொடுத்துக் கோழி வாங்காதீர்கள். அந்தக் காசு அடுத்த குஞ்சுக்குப் போகும். கைவிடப்பட்டவை, பறிமுதல் ஆனவை, இலவசமாக ஒப்படைக்கப்பட்டவை போதும். எத்தனைக்கு இடம் என்று முதலிலேயே எழுதி வையுங்கள். அந்த எண்ணைத் தாண்டி ஏற்கும் ஒவ்வொரு கோழியும் உள்ளே இருப்பவற்றின் இடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும்.

சட்டம் பேசுவதானால் சரியாகப் பேசுங்கள். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11(1)(உ) பிரிவு, விலங்கு நியாயமான அளவு அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதைக் குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. 2017-இல் சட்ட ஆணையம் தன் 269-ஆவது அறிக்கையில் முட்டைக்கோழி, கறிக்கோழி வளர்ப்புக்கு வரைவு விதிகளே எழுதிக் கொடுத்தது.

ஆனால் வருகிறவர்களிடம் சட்டத்தில் ஆரம்பிக்க வேண்டாம். கோழிகள் மண்ணில் புரளும் வெயில் நேரத்துக்கு அவர்களை வரச் சொல்லுங்கள். குழியோரம் ஒரு ஏ4 தாளை விரித்து வையுங்கள். நம் பண்ணைகளில் ஒரு கோழிக்கு வழக்கமாக ஒதுக்கும் 450 சதுர சென்டிமீட்டர் அந்தத் தாளைவிடச் சிறியது. பக்கத்தில் கோழி ஒரு இறக்கையை நீட்டிச் சாயும்போது தாளையும் கோழியையும் அவர்களே மாறி மாறிப் பார்ப்பார்கள். அப்போது பேச்சை நிறுத்திவிடுங்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். யாரும் கோழியைத் தூக்கவிடாதீர்கள், குழந்தைகள் தரையில் உட்காரட்டும். பிடித்திருந்தால் கோழி தானே மடிக்கு வரும்.