ஒரு நூலுக்குள் நாலு நூல்

நேற்று ராத்திரி வீடியோ காலில் எங்கள் வாசிப்புக் குழுவின் கிழக்கும் மேற்கும் ஒரு நண்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டன. நண்டு இருப்பது ஏமி டானின் ‘ஜாய் லக் கிளப்’ நாவலில், சான் பிரான்சிஸ்கோவில், ஒரு சீனப் புத்தாண்டு விருந்தில். சண்டைக்கு முழுப் பொறுப்பும் நான்தான். அதில் எனக்குத் துளிகூட வருத்தம் இல்லை. மூன்று மாதமாக மெனக்கெட்டுச் செய்த ஏற்பாடு வேலை செய்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஏற்பாடு இதுதான். நாவலில் அமெரிக்காவுக்குக் குடிவந்த நான்கு சீன அம்மாக்கள், அங்கே பிறந்த அவர்களின் மகள்கள் என்று நான்கு குடும்பம், 16 கதைகள். நான்கு பாகம், பாகத்துக்கு நான்கு. முதலும் கடைசியும் அம்மாக்கள் பேசுவது, நடு இரண்டும் மகள்கள். அம்மாக்களில் சூயுவான் மட்டும் கதை தொடங்கும் முன்பே இறந்துபோனதால், மகள் ஜிங்-மெய் நான்கு பாகத்திலும் பேசுகிறாள். எப்படிக் கூட்டினாலும் குடும்பத்துக்கு நான்கு கதை. இந்தப் புத்தகத்தைப் படித்தவர்களுக்கு, ‘இது யாருடைய அம்மா?’ என்று முன்பக்கப் பட்டியலுக்குத் திரும்பத் திரும்ப ஓடிய அலுப்பு தெரியும். எனக்கு இரண்டு முறை ஓடி அலுத்துவிட்டது. அதனால் மூன்றாவது தடவை பக்க வரிசையை விட்டுவிட்டு, நாலு பேர், ஆளுக்கு ஒரு குடும்பம், ஆளுக்கு ஒரு திசைப் பெயர் என்று பிரித்தேன். மற்ற மூன்று பேருக்கும் இதுதான் முதல் வாசிப்பு. அடுத்த குடும்பத்துக் கதையை எட்டிப் பார்க்கக் கூடாது. பிரதி ஒன்றே ஒன்று, அது தபாலில் சுற்றும்.

எட்டிப் பார்க்காதே என்று சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால் ஒவ்வொரு கதையின் தாள்களையும் மேலிருந்து கீழாக எம்பிராய்டரி நூலால் சுற்றிக் கட்டினேன். கிழக்குக்குச் சிவப்பு, தெற்குக்குப் பச்சை, மேற்குக்கு நீலம், வடக்குக்கு மஞ்சள். உங்கள் நிறத்து முடிச்சை மட்டும் அவிழ்க்கலாம்.

இந்த முடிச்சு போடும் வேலைதான் உயிரை வாங்கிவிட்டது. இறுக்கினால் நூல் தாளின் விளிம்பை அரிவாள் மாதிரி வெட்டுகிறது. தளர்த்தினால் தபாலில் குலுங்கிக் கழன்று விழுகிறது. முதல் முயற்சியில் ஆறு இழையையும் சேர்த்துக் கட்டி, ‘ரெட் கேண்டில்’ கதையின் ஏழு தாளில் விளிம்பைக் கிழித்தேன். அப்புறம் இழை பிரித்து மூன்றாக்கினேன். மெல்லிசாகப் போனதால் முன்னிலும் ஆழமாக வெட்டியது! கடைசியில் கை கொடுத்தது பழைய கல்யாணப் பத்திரிகை. அந்த அட்டையை விரலகலத் துண்டாக வெட்டி, மடித்து, மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் தொப்பி மாதிரி மாட்டி, அதன்மேல் நூலை ஓட்டினால் தாளுக்கு ஒன்றும் ஆவதில்லை. நூலை மெழுகில் இரண்டு தடவை இழுத்தால் முடிச்சு வழுக்காது. வெள்ளை மெழுகுவத்தியாகப் பாருங்கள். நான் வீட்டில் கிடந்த சிவப்பில் இழுத்து, மஞ்சள் நூல் ஆரஞ்சாகிப் போனது. அந்த ‘ரெட் கேண்டில்’ கதையைச் சொல்லும் அம்மா லிண்டோவின் கல்யாண மெழுகுவத்தியும் சிவப்புத்தான், இரண்டு முனையிலும் எரிந்தது. அவளுக்காவது அதை வைத்து அந்தக் கல்யாணத்திலிருந்து தப்பிக்கத் தெரிந்தது.

நூல் கண்டு வாங்கும்போது தையல் சாமான் கடைக்கே போய்விடுங்கள். ஆன்லைனில் வாங்கிய ஒரு கட்டில் பச்சை சாயம் போய் என் பெருவிரல் மூன்று நாள் பச்சையாகவே இருந்தது.

திசை விஷயத்திலும் ஒரு சறுக்கல். மாஜோங் என்பது நாலு பேர் திசைக்கு ஒருவராக உட்கார்ந்து காய்களை வைத்து ஆடும் சீன ஆட்டம். நாவலில் ஜிங்-மெய், தன் அம்மா விட்டுப்போன கிழக்கு மூலையில் அதை ஆட உட்காருகிறாள். அதைப் பிடித்துக்கொண்டு மற்ற மூன்று திசைகளையும் நானாகப் பிரித்தேன். பிரதி சுற்ற வேண்டிய வரிசையை ஸ்கூல் மேப் நினைப்பில் வரைந்துவிட்டேன். மாஜோங்கில் கிழக்குக்கு வலப்பக்கம் உட்காருவது தெற்கு. நம் மேப்பில் நடுவிலிருந்து கிழக்கே போய் உள்நோக்கித் திரும்பி உட்கார்ந்தால் வலப்பக்கம் வடக்கு வரும். ஆட்டம் அப்படியே தலைகீழாகச் சுற்றுகிறது. விளைவு, புத்தகம் தெற்கான என்னைத் தாண்டி நேரே வடக்குக்குப் போய்விட்டது.

அந்தத் தப்பால்தான் முதல் பலனும் கிடைத்தது. வடக்கு எங்கள் டீச்சர். அவருக்கு அம்மா யிங்-யிங்கும் மகள் லீனாவும். லீனா சொல்லும் ‘ரைஸ் ஹஸ்பண்ட்’ கதையில், கணவன் வடிவமைத்த ஆட்டங்காணும் சின்ன மேசை கவிழ்ந்து மாடியில் ஜாடி உடைகிறது. இப்படி ஆகும் என்று தெரியும் என்கிறாள் மகள். தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை என்று கேட்கிறாள் அம்மா. அடுத்த மஞ்சள் முடிச்சை அவிழ்த்தால் அதே வீடு, அதே மாடி அறை. இருட்டில் உட்கார்ந்திருக்கும் யிங்-யிங், அந்த மேசையும் ஜாடியும் விழும் சத்தம் கேட்டு மகள் மேலே வருவாள் என்று காத்திருக்கிறாள். “விழல, தள்ளியிருக்காங்க!” என்று டீச்சர் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்தார். பக்க வரிசையில் ஒன்று 9வது கதை, இன்னொன்று 14வது. நடுவில் நான்கு கதை புகுந்துவிடுவதால் இரண்டு முறை படித்தும் எனக்கு அது உறைக்கவில்லை. “ஆமாங்க டீச்சர்” என்று ஏற்கெனவே தெரிந்த மாதிரி சொல்லி வைத்தேன்.

இனி நண்டு. கிழக்கு எங்கள் அக்கா, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், அவருக்கு சூயுவானும் ஜிங்-மெய்யும். மேற்கு கல்லூரி முடித்த தம்பி, அவனுக்கு லிண்டோவும் அவள் மகள் வேவர்லியும். செஸ் ஆடும் சின்னப் பெண்ணை அம்மா சந்தை முழுக்கப் பீற்றிக்கொண்டு நடத்திப்போன கதையைப் படித்து அவன் வேவர்லி கட்சி. அக்கா படித்ததோ, அதே வேவர்லி வளர்ந்தபின் நல்ல நண்டாகப் பொறுக்கி மகளுக்கும் காதலனுக்கும் தனக்கும் எடுத்துக்கொள்ள, கால் போன ஒன்றும் இன்னொன்றுமாக இரண்டே நண்டு சூயுவானுக்கும் ஜிங்-மெய்க்கும் மிஞ்சிய விருந்து.

“அக்கா, அவ குழந்தையில பட்டதைப் படிச்சா இப்படிப் பேச மாட்டீங்க.”

“நீ அந்த விருந்தைப் படிச்சியாடா? முடிச்சு இன்னும் அவிழல இல்ல? அப்ப சும்மா இரு.”

இரண்டு பேரிடமும் ஒரே புத்தகம்தான். நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது நானே போட்ட விதி. அழுகையை விழுங்கச் சொல்லி வளர்க்கப்பட்ட ஆன்-மெய் என் பங்கில் இருப்பது பொருத்தம்தான்.

அடுத்து மாஜோங் மாதிரியே இருக்கை மாற்றம். முழு ஆட்டம் நான்கு சுற்று, சுற்றுக்குக் குறைந்தது நான்கு கை ஆட்டம், ஆக 16. நாவலிலும் 16 கதை. இதைக் கண்டுபிடித்த அன்று நான் வீட்டில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். நாலு சுற்றும் மாறி உட்கார்ந்தால் நாலு பேரும் மொத்தமும் படித்திருப்போம். நடுவில் 144 காய்கள் உள்ள மாஜோங் செட் ஒன்று வாங்க ஆசை. விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். சின்னக் காயாக வாங்கிவிடாதீர்கள், கையில் நிற்காது என்று ஆடத் தெரிந்த ஒருவர் சொன்னார்.

அதற்குமுன் முதல் சுற்று முடிய வேண்டுமே. ஜிங்-மெய் சீனாவில் அக்காக்களைச் சந்திக்கும் கடைசிக் கதை மட்டும் எல்லோரும் சேர்ந்து படிக்க என்று ஒதுக்கி, சிவப்பில் இரட்டை முடிச்சு போட்டிருந்தேன். நேற்றுச் சண்டை முடிந்ததும் அக்கா பிரதியை கேமரா முன் காட்டினார். பத்திரிகைத் தொப்பி இரண்டும் அப்படியே இருந்தன. முடிச்சு மட்டும் ஒற்றையாக இருந்தது.