தேத்தண்ணிக்கு அழைத்தார்கள்

லீட்ஸுக்கு வந்து நான்காம் மாதம், என்னோடு வேலை செய்யும் ஒருவர் ஞாயிறு மாலை ஐந்தரைக்கு 'ரீ'க்குக் குடும்பத்தோடு வரும்படி அழைத்தார். தேத்தண்ணிக்குத்தானே என்று, மூன்று மணிக்குச் சோறும் மீன்குழம்பும் கத்தரிக்காய்ப் பாற்கறியும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, ஒரு பெட்டி பருத்தித்துறை வடையுடன் போய் இறங்கினோம். மேசையிலோ கொத்திறைச்சியின் மேல் மசித்த உருளைக்கிழங்கு பரப்பிச் சுட்ட பெரிய தட்டும் பட்டாணியும் கரட்டும் காத்திருந்தன. தேத்தண்ணியை மட்டும் காணவில்லை. மனைவி பட்டாணியை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்துக்கு நகர்த்தியபடி, "உங்கட இங்கிலீசை நம்பி வந்தனே" என்று சிரித்த முகம் மாறாமல் தமிழில் சொன்னாள்.

வட இங்கிலாந்தில் பல வீடுகளில் நடுப்பகல் உணவு 'டினர்', மாலை உணவு 'ரீ' என்பது பிறகுதான் விளங்கியது. வேலை முடிந்து பசியோடு திரும்பிய தொழிலாளர் சூடான உணவோடு தேநீரையும் குடித்துவந்ததில், பானத்தின் பெயர் சாப்பாட்டுக்கே ஆகிவிட்டது. மகளின் பள்ளிக்கூடம் 'டினர்'க்குக் காசு கேட்டபோது, பிள்ளைகளை இரவிலும் மறித்து வைக்கப்போகிறார்களோ என்று நாங்கள் கலங்கியதும் இந்தக் குழப்பத்தால்தான்.

அந்த வெட்கத்தில்தான் சொல்லின் வேரைத் தேடினேன். தென்சீனத்து ஹொக்கியன் பேச்சில் அது 'தே'. டச்சு வணிகர் அந்த ஒலியையே ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். லண்டன்வாசியான சாமுவேல் பீப்ஸ், தாம் முன்பு குடித்தறியாத இந்தச் சீனப் பானத்தை வரவழைத்ததை 1660 செப்டெம்பர் 25ஆம் நாள் தம் நாட்குறிப்பில் எழுதினார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கவிஞர் அலெக்சாண்டர் போப் அதை 'ஒபே' என்ற சொல்லுக்கு இயைபாக வைத்தார் என்றால், அன்றைய ஆங்கிலேயர் வாயிலும் அது ஏறக்குறைய 'தே'யாகவே இருந்திருக்கிறது. இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆறாம் வகுப்பில் வாசிக்கும்போது நான் 'தே' என்று சொன்னதற்காக வகுப்பே சிரிக்கும்படி ஆசிரியர் என்னை வாங்கின் மேல் ஏற்றி நிறுத்தினார். போப்பும் அன்று என் பக்கத்தில் ஏறி நின்றிருக்க வேண்டியவர். அடுப்படியில் புகைக்குள் குந்தியிருந்து, உள்ளங்கையில் பனங்கட்டித் துண்டொன்றை வைத்துக் கடித்துக் கடித்து வெறுந்தேத்தண்ணி குடித்த அம்மம்மாவின் உச்சரிப்பில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

இப்போதெல்லாம் பழகிவிட்டது, விருந்துக்குப் போகுமுன் எதற்கு அழைக்கிறார்கள் என்று கேட்டுத் தெளிந்துகொள்கிறேன். ஆனாலும் நேற்று மாலை, "அப்பா, ரீ ரெடி" என்று மகள் கீழிருந்து கூப்பிட்டபோது, மூக்குப்பேணியில் ஆவி பறக்கும் என்ற நினைப்போடு படியிறங்கினேன். பாண் துண்டுகளின் மேல் தகரத்து அவரை விதைகளை ஊற்றி வைத்திருந்தாள்.