ஏலகிரி கேம்ப் டைரி: கழுகு அணி பின்னாடி நடந்த கதை

டிசம்பர் 7, 2024, சனி

ரெண்டு வருஷமா தள்ளிப் போட்டுட்டே இருந்த கேம்ப், இந்த அரையாண்டு லீவுல போயே ஆகணும்னு முடிவு பண்ணியாச்சு. டிசம்பர் 27, 28, 29, ஏலகிரி. 24 பசங்க, மூணு அணி, அணிக்கு எட்டு பேர். புலி, கழுகு, யானை. நான் மேத்ஸ் வாத்தியார், சாரண ஆசிரியர் வேலை என் தலையில வந்து விழுந்தது அஞ்சு வருஷம் முன்னாடி. ஸ்டாஃப் மீட்டிங்ல எல்லாரும் குனிஞ்சு செருப்பப் பாத்துட்டு இருந்தாங்க, நான் மட்டும் நிமிந்து பாத்துட்டேன், அவ்வளவுதான்.

கன்சென்ட் லெட்டர் வாங்கறதுதான் இந்த தடவ பெரும்பாடு. போன வாரம் ஃபெஞ்சல் புயல், ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை, திருவண்ணாமலையில மண்சரிவுல வீடே புதைஞ்சு போச்சு, குழந்தைங்க உள்பட ஏழு பேர். இந்த நியூஸ பாத்துட்டு எந்த அம்மா மலைக்கு புள்ளைய அனுப்பும். ஒரு அம்மா நேராவே கேட்டாங்க, "சார், ஸ்கூல் கிரவுண்ட்லயே டென்ட் போட்டா ஆவாதா?" எனக்கு பதில் சொல்ல வரல, மலை ஓரமா இல்லம்மா, மேல சமதளத்துல அத்தனாவூர்ல காம்பவுண்டுக்குள்ள தங்கறோம், மழை எச்சரிக்கை வந்தா கேன்சல்னு எழுதிக் குடுத்தேன்.

ஏலகிரியிலேயே இருக்கற சுவாமிமலை சிகரம் ஏறணும்னு பசங்களுக்கு ஆசை. ஆனா அக்டோபர்ல அரசோட மலையேற்றத் திட்டம் ட்ரெக் தமிழ்நாடு வந்ததுக்கப்புறம் அங்க ஆன்லைன்ல புக் பண்ணி கைடு கூடத்தான் போகணும், 24 பேருக்கு நம்ம பட்ஜெட் தாங்காது. அதனால அத்தனாவூர்லேர்ந்து நிலாவூர் ஏரி வரைக்கும் ரோட்ட விட்டுட்டு ஊர் வழியா, கொல்லை வழியா நடந்து போய் திரும்பறதுன்னு பிளான். ஒவ்வொரு அணியும் தனித்தனியா.

டிசம்பர் 24, செவ்வாய்

லீவு முதல் நாளே பிராக்டிஸ். தட்டு வைக்கற ஸ்டாண்டுக்கு மூங்கில் கழிய குறுக்க வச்சுக் கட்டற சதுரக்கட்டு. கிளவ் ஹிட்ச்ங்கற முடிச்சுல ஆரம்பிச்சு, மூணு சுத்து, அப்புறம் ரெண்டு கழிக்கும் நடுவுல குறுக்க ரெண்டு மூணு சுத்து இழுத்து இறுக்கி, மறுபடி கிளவ் ஹிட்ச்ல முடிக்கணும். அந்த குறுக்குச் சுத்துதான் உயிர், அத இறுக்கலேன்னா பாக்க அழகா இருக்கும், தட்டு வச்ச உடனே ஸ்டாண்டு சாஞ்சுடும். யானை அணிது சாஞ்சுது. சணல் கயித்த தண்ணியில நனைச்சுக் கட்டினா நல்லா பிடிக்கும்னு எவனோ யூடியூப்ல பாத்துட்டு வந்திருக்கான், நனைஞ்ச சணல் காய்ஞ்சா தளர்ந்துடும்டான்னு சொன்னேன், கேக்கல. ராத்திரி முழுக்க காயட்டும், காலைல பாரு.

சாயங்காலம் கோர்ட் ஆஃப் ஹானர். பேரு பெருசா இருக்கு, விஷயம் சின்னது: மூணு அணித் தலைவரும் நானும் மரத்தடியில உக்காந்து பேசறது. ரூல் என்னன்னா பசங்க பேசணும், நான் கேக்கணும். ஒரு மணி நேரத்துல நான் ஐம்பத்தஞ்சு நிமிஷம் பேசிட்டேன். வீட்டுக்கு வந்துதான் உறைச்சுது.

சார்ட்ல நானே பெருசா எழுதி ஒட்டினேன்: "ஹைக் அன்னிக்கு பகல் 12 மணி ஆனா எங்க இருந்தாலும் திரும்பணும்." மத்தியானத்துக்கு மேல அங்க மேகம் இறங்கிடும், தூறல் போடும், போன தடவ நானும் என் வீட்டுக்காரம்மாவும் போய் நனைஞ்சு வந்த அனுபவம்.

கழுகு அணித் தலைவன் பத்தி ஒரு வார்த்தை. பத்தாவது படிக்கறான். ஒல்லி. என்ன கேட்டாலும் "ம்" தான். மேத்ஸ்ல சுமார். அவன போன ஜூன்ல அணியே தேர்ந்தெடுத்துச்சு, எனக்கு அப்ப கொஞ்சம் வருத்தம், ஏன்னா நான் வேற ஒருத்தன மனசுல வச்சிருந்தேன், நல்லா இங்கிலீஷ் பேசற பையன்.

டிசம்பர் 26, வியாழன், ராத்திரி

பை கட்டி முடிச்சு படுக்கப் போறப்ப டிவில ஃப்ளாஷ், மன்மோகன் சிங் காலமாயிட்டார். கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்தேன். அப்புறம் வாட்ஸ்அப் குரூப்ல ஒரே கேள்வி, சார் நாளைக்கு கேம்ப் இருக்கா? இருக்குன்னு போட்டேன். கேம்ப்ஃபயர்ல டான்ஸ் ஆடலாமா வேணாமாங்கறது பத்தி எனக்கே தெளிவில்ல, போடாம விட்டுட்டேன்.

டிசம்பர் 27, வெள்ளி

அடிவாரத்துல இருக்கற பொன்னேரியிலேர்ந்து மேல 14 ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் தமிழ்ப் புலவர், வள்ளல் பேரு வச்சிருக்காங்க. கம்பர்ல ஒருத்தன் வாந்தி, பாரி வந்தப்ப ரெண்டு பேர். எலுமிச்சம்பழம் முகர்ந்துட்டே வந்த பொடியன் (ஆறாவது படிக்கறான், படையிலேயே சின்னவன்) கடைசி வரைக்கும் ஸ்டெடி, இறங்கின உடனே எடுத்தான்.

தங்கற இடத்துல கொடிக்கம்பம் இருக்கு, தினம் தேசியக்கொடி ஏத்தற இடம். ஏழு நாள் துக்கம்னு அறிவிச்சுட்டாங்க, அரைக்கம்பம். ஏத்தற முறை கழுகு அணிக்கு. நான் சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள தலைவன் கொடிய உச்சி வரைக்கும் ஏத்தி, ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் மெதுவா பாதிக்கு இறக்கினான். நிறைய பேர் நேரா பாதியிலேயே நிறுத்திடுவாங்க, அது தப்பு. சாயங்காலம் இறக்கறப்பவும் மறுபடி உச்சிக்கு ஏத்திட்டுத்தான் இறக்கணும், அதையும் சரியா செஞ்சான். எங்கடா கத்துக்கிட்டேன்னேன். "நீங்கதான் சார் ஏழாவதுல சொன்னீங்க." எனக்கு ஞாபகமே இல்ல.

அப்புறம் பிரார்த்தனைப் பாட்டு. ஹிந்தில இருக்கும், ஒருத்தனுக்கும் அர்த்தம் தெரியாது, ஆனா ராகம் மாறாம 24 பேரும் பாடுவானுங்க, நானும்தான்.

மத்தியானம் பாத்திரம் இல்லாத சமையல். உருளைக்கிழங்க மேல மூடி மாதிரி சீவி, உள்ள ஸ்பூனால குடைஞ்சு, அதுல முட்டைய உடைச்சு ஊத்தி, மூடிய வச்சு குச்சியால குத்தி, தணல்ல புதைக்கணும். நெருப்புல இல்ல, தணல்ல. புலி அணிக்கு பசி, எரியற விறகுலயே போட்டானுங்க, வெளிய கரி, உள்ள முட்டை வழவழன்னு. யானை அணியில ஒருத்தன் கிழங்கு எதுக்குன்னு முட்டைய முழுசா அப்படியே தணல்ல வச்சான், ஓட்டுல ஊசியால ஓட்டை போடணும்டான்னு நான் சொல்றதுக்குள்ள டமால். யாருக்கும் ஒண்ணும் ஆகல, என் சட்டைல மஞ்சக்கரு. மாவ குச்சியில சுத்தி சுட்டது மட்டும் எல்லாருக்கும் நல்லா வந்துச்சு, அதோட ஊறுகா.

ராத்திரி கேம்ப்ஃபயர் விஷயத்துக்கு கோர்ட் ஆஃப் ஹானர் கூட்டினேன், இந்த தடவ வாய மூடிட்டேன், நிஜமாவே. புலி தலைவன் டான்ஸுக்கு ஒரு மாசமா பிராக்டிஸ் பண்ணியிருக்கோம்னு வாதாடினான், அவன் சொல்றதும் நியாயம்தான். கழுகு தலைவன் சொன்னது ஒரே வரி: "கொடி பாதில பறக்கும்போது நாம கீழ குத்தாட்டம் போட்டா நல்லா இருக்காதுடா, ஸ்கூல் திறந்தப்புறம் அங்க ஆடலாம்." முடிஞ்சுது. தீ மட்டும் மூட்டி கதை.

என் முறை வந்தப்ப அன்னி பெசன்ட் கதை சொன்னேன். ஆரம்பத்துல இங்க ஸ்கவுட்ல வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பசங்களத்தான் சேத்துக்கிட்டாங்க, நம்ம பசங்களுக்கு இடமில்ல, அந்த அம்மா 1916ல நம்ம மெட்ராஸ்லயே இந்தியப் பசங்களுக்குன்னு தனியா ஒரு சாரணர் சங்கம் ஆரம்பிச்சாங்க, அப்புறம் இருந்த சங்கமெல்லாம் ஒண்ணா சேந்துதான் 1950 நவம்பர் 7ல இப்ப இருக்கற பாரத சாரண சாரணியர் வந்துச்சு. பொடியன் கேட்டான், "அப்ப நம்மள சேக்கலைன்னா நம்மளே ஆரம்பிச்சுக்கலாமா சார்?" சிரிச்சுட்டேன். நீ முதல்ல ஷூ லேஸ் கட்டுடா.

தீ அணைஞ்சதும் வானம். அமாவாசைக்கு இன்னும் மூணு நாள், நிலா இல்ல. இன்னிக்கு எனக்கு ரொம்ப பிடிச்ச கணக்கு: புஸ்தகத்துல திசை கண்டுபிடிக்க துருவ நட்சத்திரத்த பாருன்னு போட்டிருக்கும், அது இங்கிலாந்துக்கு சரி, அங்க அது பாதி வானத்துக்கு மேல நிக்கும். நாம இருக்கற அட்சரேகை பன்னெண்டரை டிகிரி, அதனால இங்க அது தொடுவானத்துலேர்ந்து பன்னெண்டரை டிகிரிதான் மேல. கைய நீட்டி முஷ்டிய மூடினா பத்து டிகிரி, அப்ப ஒரு முஷ்டி கூட கொஞ்சம். ஒரு மரம் நின்னா போச்சு. நின்னுச்சு. ஒரு பெரிய மரம், கரெக்டா அங்க. அதுக்கு பதிலா ஓரியன்ங்கற நட்சத்திரக் கூட்டத்தோட மூணு நட்சத்திர பெல்ட்ட பாக்கணும், அதுல ஒண்ணு கிட்டத்தட்ட நேர் கிழக்குல உதிச்சு நேர் மேக்குல மறையும், நமக்கு அதுதான் வசதி. மேல செவப்பா இருக்கறது திருவாதிரைன்னு காட்டினப்ப ஒருத்தன் துள்ளினான், "சார் அது என் நட்சத்திரம்!" அப்புறம் ஆளாளுக்கு என் நட்சத்திரம் எதுன்னு கேட்டு பதினொண்ணு வரைக்கும் விடல. ரோகிணி பக்கத்துலேயே இந்த வருஷம் வியாழன் தகதகன்னு, ரோகிணிக்காரன் ரெண்டு பேருக்கும் ஒரே பெருமை.

டிசம்பர் 28, சனி

இத எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். எழுதிடறேன்.

புலி அணி கூட பி.டி. சார், யானை கூட பழைய மாணவன் ஒருத்தன், கழுகு கூட நான். பெரியவங்க கடைசியா பின்னாடி நடக்கணும், ஆபத்து இருந்தாலொழிய பேசக்கூடாது, வழி அணித் தலைவன் பொறுப்பு. இதுவும் நான் எழுதின ரூல்தான். ஏழே முக்காலுக்கு கிளம்பினோம், பனி மூட்டம், பத்தடி தாண்டி ஒண்ணும் தெரியல, வழில இருந்த குடிசையில ஒரு பாட்டி பலாப்பழ சீசன்ல வாங்க கண்ணுங்களான்னு கூப்ட்டாங்க.

ஒரு கொல்லை தாண்டினதும் பாதை ரெண்டா பிரிஞ்சுது. தலைவன் காம்பஸ பாத்தான், அப்புறம் கீழ குனிஞ்சு தரைய பாத்தான், இடது பக்கம் கை காட்ட ஆரம்பிச்சான். நான் பின்னாடியிலேர்ந்து, "டேய் வலதுடா, அதுதான் அகலமா இருக்கு." வாய் தானா பேசிடுச்சு. அவன் ஒரு செகண்ட் என்ன பாத்தான், "ம்" னான், வலது பக்கம் திரும்பினான்.

இருபது நிமிஷம் நடந்தோம். முள்ளு. முட்டிக்கு மேல எல்லா கிளையும் குறுக்க, பையில மாட்டுது, சட்டைய இழுக்குது. பாதை போய் ஒரு பாறையில முட்டி நின்னுச்சு, பாறை மேல ஆட்டுப்புழுக்கை. திரும்பி வந்து, பொடியனுக்கு குதிகால்ல கொப்புளம், அதுக்கு பஞ்சு வச்சு பிளாஸ்டர் போட்டு, மொத்தம் ஐம்பது நிமிஷம் காலி.

உனக்கு தெரியுமா அது தப்பு வழின்னு கேட்டேன். தெரியும்னான். எப்படிடா? ரொம்ப நாளைக்கு அப்புறம் அவன் முழு வாக்கியமா பேசினான். "ஆடு போற வழி கீழ மட்டும்தான் சுத்தமா இருக்கும் சார், முட்டி உயரத்துக்கு மேல கிளை மறிக்கும். ஆள் போற வழின்னா தலை உயரம் வரைக்கும் கிளை ஒடிஞ்சிருக்கும், சுள்ளி கட்டு தூக்கிட்டு போறவங்க ஒடிச்சுட்டே போவாங்க. எங்க தாத்தா ஆடு மேய்க்கறாரு."

அப்ப ஏன்டா சொல்லல?

"நீங்க சொன்னீங்களே சார்."

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இருபத்தெட்டு வயசுல பி.எட். முடிச்சு வேலைக்கு வந்ததுலேர்ந்து நான் கிளாஸ்ல கேக்கணும்னு ஆசப்பட்ட வார்த்தை அதுதான், கேட்டப்ப நல்லா இல்ல.

அப்புறம் பொடியன் நடைக்குத்தான் எல்லாரும் நடந்தோம். பதினொண்ணே முக்காலுக்கு மேல வெயில் வந்து, மரத்துக்கு நடுவுல ஏரி தெரிஞ்சுது, வெள்ளையா பளபளன்னு. இன்னும் அரை கிலோமீட்டர் இருக்கும். பசங்க ஓ ன்னு கத்தினானுங்க. தலைவன் வாட்ச்ச பாத்தான், பொடியன் காலப் பாத்தான். பன்னெண்டு அடிச்சதும் நின்னுட்டான்.

"திரும்பறோம்."

அணியே அவன் மேல பாய்ஞ்சுது. நான் சும்மா இருந்தேனா? இல்ல. பத்து நிமிஷம்தானேடா, ஒரு குரூப் ஃபோட்டோ மட்டும்னேன். ஆமா, கொஞ்ச நேரம் முன்னாடி வாய மூடிட்டு வரணும்னு முடிவு பண்ணின அதே ஆள்தான். அவன் என் முகத்த பாக்காம, தரைய பாத்துட்டு சொன்னான். "நீங்கதான் சார் சார்ட்ல எழுதி ஒட்டினீங்க. எங்க இருந்தாலும்னு." சொல்லிட்டு பொடியன் பைய வாங்கி தன் பை மேல மாட்டிக்கிட்டு முன்னாடி நடந்தான். திரும்பிப் பாக்கல. ஒவ்வொருத்தனா பின்னாடி போனானுங்க, கடைசியா நான்.

கேம்புக்கு வந்து சேந்தப்ப ரெண்டேகால். ரெண்டரைக்கு தூறல். புலியும் யானையும் ஏரி வரைக்கும் போய் ஃபோட்டோ எடுத்துட்டு ஒரு மணிக்கே வந்துட்டானுங்க, ராத்திரி முழுக்க அதக் காட்டி கழுகுப் பசங்கள ஓட்டினானுங்க. தலைவன் சாப்ட்டுட்டு தூங்கிட்டான்.

டிசம்பர் 29, ஞாயிறு

இறங்கியாச்சு. யானை அணியோட ஸ்டாண்டு நான் சொன்ன மாதிரியே தளர்ந்து ஆடிட்டே இருந்துச்சு மூணு நாளும், ஆனா விழல. பஸ்ல பாதி பேர் தூக்கம், இறங்கறப்ப வாந்தி ஒண்ணுதான்.

ஜனவரி 2, 2025, வியாழன்

ஸ்கூல் திறந்தாச்சு. ஹைக் ரிப்போர்ட் அணித் தலைவன்தான் எழுதணும், படம் வரைஞ்சு நேரம் போட்டு, நான் கையெழுத்து போட்டாத்தான் லாக் புக் (நடந்தத எழுதி வைக்கற நோட்டு) சாரணர் டெஸ்டுக்கு போகும். புலி அணிது நாலு பக்கம், இயற்கை அன்னையின் மடியில் அப்படின்னு ஆரம்பிச்சிருக்கான். கழுகு அணிது ஒரே பக்கம். பாதை பிரியற இடத்த பென்சில்ல வரைஞ்சு, முள்ளு வழிக்கு நம்ம ஸ்கவுட் குறி, இந்த வழி போகாதேன்னு பெருக்கல் மாதிரி ஒண்ணு போட்டிருக்கான். பக்கத்துல எழுத்து:

"9.10 வலது பக்கம் போனோம். சார் சொன்ன வழி. தப்பு. 50 நிமிடம் வீண்."

படிச்சேன். மறுபடி படிச்சேன். "சார் சொன்ன" ங்கறத மட்டும் எடுத்துடறியாடான்னு கேக்க நினைச்சு தலைய தூக்கினேன், அவன் எதிர்ல கைய பின்னாடி கட்டிட்டு நேரா நின்னு என் முகத்தையே பாத்துட்டு இருந்தான்.

பேனா எழுதல. அவன் பேனாவ வாங்கித்தான் கையெழுத்து போட்டேன்.