ஓட்டை இல்லாத மான்

பமாக்கோ, ஜனவரி 13, 2019, ஞாயிறு

மாலிக்கு வந்து நான்கு மாதம் கழித்து இன்றுதான் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போக முடிந்தது. பாதி நேரம் சிவாராவின் முன்னாலேயே போய்விட்டது. மாலியின் பம்பாரா இன உழவர்களின் மரச் சிற்பம். கொம்பு மானுடையது. உடம்பில் ஆர்ட்வார்க் என்ற பன்றி போன்ற ஆப்பிரிக்க விலங்கும் அழுங்கும் கலந்திருக்கின்றன, இரண்டுமே மண்ணைத் தோண்டுபவை. 'சி' என்றால் பயிர்த்தொழில், 'வாரா' என்றால் காட்டு விலங்கு. மனிதனுக்கு வேளாண்மை கற்றுத் தந்ததே இதுதானாம். விளைந்ததை மக்கள் விரயம் செய்ததும் மண்ணுக்குள் தன்னைப் புதைத்துக்கொண்டதாம். அதன் நினைவாகக் கொல்லர்கள் செதுக்குவது இது. இங்கே இரும்படிப்பவரேதான் மரமும் செதுக்குகிறார்.

ஜனவரி 14, திங்கள்

படத்தை அம்மாவுக்கு அனுப்பி, "ஆப்பிரிக்க முகமூடி" என்று எழுதியிருந்தேன். உடனே போன். "இதை எப்படிடா மூஞ்சியில மாட்டுவாங்க?"

சரியான கேள்வி. மாட்டுவதே இல்லை. கூடைபோல முடைந்த குல்லாயின் மேல் சிற்பத்தைக் கட்டி, சும்மாட்டில் குடம் வைப்பதுபோல உச்சந்தலையில் வைக்கிறார்கள். முகத்தையும் உடம்பையும் மறைப்பது கீழே தொங்கும் நார்தான். ஆடுபவர் குனிந்து, இரண்டு குச்சிகளை முன்னங்கால்களாக ஊன்றிக்கொள்வார். எப்போதும் ஜோடிதான். ஆண் உருவம் சூரியன், முதுகில் குட்டியோடு வரும் பெண் உருவம் பூமி, நார் தண்ணீர். இரண்டையும் சுமந்து ஆடுவது ஆண்களே. கொத்தி உழைப்பவர்களுக்கு வயலிலேயே உற்சாகம் ஏற்ற ஆடும் ஆட்டம்.

அப்படியென்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் நான் பார்த்தது வெறும் கொண்டையைத்தான். நாரும் இல்லை, குச்சியும் இல்லை, ஆளும் இல்லை. முகமூடி என்ற சொல்லை என்ன செய்வது? வேறு சொல் அகப்படவில்லை.

ஜனவரி 20, ஞாயிறு

பெரிய பள்ளிவாசல் பக்கத்துக் கைவினைச் சந்தை. ஒருவர் காலால் மரத்தை அழுத்திப் பிடித்து வாய்ச்சியால் செதுக்கிக்கொண்டிருந்தார். நம் ஊர்த் தச்சர் பிடிக்கிற அதே பிடி. முழங்கை உயரத்தில் ஒரு பெண் மான், குட்டியோடு. பேரம் பேசி வாங்கினேன். (அதிகம் கொடுத்துவிட்டேன் என்று டிரைவர் வழியெல்லாம் சிரித்தார்.)

ஜனவரி 21, திங்கள்

இரவு அதைத் திருப்பிப் பார்த்தேன். அடிக்கட்டையில் ஓட்டையே இல்லை. அருங்காட்சியகத்தில் இருந்ததில், குல்லாயோடு சேர்த்துக் கட்டச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தனவே. இது மேசைக்காகவே பிறந்த மான்.

ஜனவரி 27, ஞாயிறு

செதுக்கியவரிடமே போய்க் கேட்டேன். ஒரு கணம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, என் அரைகுறை பிரெஞ்சுக்கும் புரியும்படி நிதானமாகக் கேட்டார்: "எத்தனை ஓட்டை வேண்டும்?"